புல்லுக்கென்று ஒரு துறை இல்லை

கேள்வி: ஐயா, உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. எங்கள் சீயான் (தாத்தா) கிடை மாடு, அதாவது கூட்டமாக ஓட்டி மேய்த்து ராத்திரி திறந்தவெளியில் மடக்கும் மாடு, வைத்திருக்கிறார். முன்பு நூற்றுக்கு மேல் இருந்ததாம், இப்போது நாற்பது உருப்படி. மலையில் புல் எப்படி இருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார். எப்படித் தெரியும் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ‘வேளாண்மை, மேய்ச்சல் நிலம், வன உயிர் மேலாண்மை’ மூன்றும் சேர்ந்த படிப்பு இருப்பதாகப் பார்த்தேன். அப்படி ஒன்று இங்கே உண்டா? அப்பா ஒத்தக்கடையில் விவசாயம் படி என்கிறார். மாமா தேனியில் மாட்டு டாக்டருக்குப் படி என்கிறார். எனக்குக் காட்டு விலங்கு மேல்தான் ஆசை. எதை எடுத்தால் வேலை கிடைக்கும்? வீட்டில் விஷயத்தைச் சொன்னால், ‘மாடு மேய்க்கிறதுக்கு ஒரு காலேஜா’ என்று சிரிக்கிறார்கள்.
— பெயர் வேண்டாம், பிளஸ் டூ மாணவி

பதில்:

மகளே,

மூன்றும் சேர்ந்த இளநிலைப் பட்டம் இங்கே கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாத படிப்பைத் தேடி ஏஜென்ட் வீட்டு வாசலில் நீ நிற்க வேண்டாம்.

அங்கே ஏன் இருக்கிறது என்று பார்த்தால், இங்கே ஏன் இல்லை என்பது புரியும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் அரசாங்கத்தின் புல்வெளி. அதில் பண்ணைக்காரர்கள் மாட்டை விட்டு மேய்க்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 1934இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் என்று ஒன்று போட்டு அந்த முறையை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். கன்றோடு ஒரு பசு ஒரு மாதம் தின்னும் புல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. அந்தக் கணக்கைப் போட ஆள் வேண்டும். மாடு தின்றதுபோக மானுக்கு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். அதனால் படிப்பு வந்தது. சம்பளம் கொடுக்க ஓர் அலுவலகம் இருந்ததால்தான் அங்கே பாடம் பிறந்தது.

நம்மிடம் புல் இல்லாமல் இல்லை. முல்லை என்று ஒரு திணையையே மேய்ச்சலுக்கு எழுதிவைத்த மொழி இது. ஆனால் இன்றைக்குப் புல்லுக்கென்று ஒரு துறை இல்லை. வருவாய்த் துறை ஏட்டில் அது புறம்போக்கு. வேளாண்மைப் பாடத்தில் களை. கால்நடைப் பாடத்தில் தீவனம். அதுவும் நட்டுத் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த கம்பு நேப்பியரும், கோ.எஃப்.எஸ். 29 தீவனச் சோளமும், வேலிமசாலும்தான். காட்டுக்காரனான எனக்கு அது பங்குனி, சித்திரையில் தீப்பிடிக்கிற சமாச்சாரம். தானாக முளைத்து, மாடும் மானும் முயலும் பங்குபோட்டுத் தின்கிற புல்லை முழுசாகப் பார்ப்பவர் என்று எந்த மேசையிலும் ஆள் இல்லை. உங்கள் சீயானைத் தவிர.

என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் மேலூர்ப் பக்கத்துக்காரன். வேளாண்மை படித்துவிட்டு வனச்சரகர் ஆனவன். வேலைக்கு வந்து மூன்றாம் வருஷம், ஒரு மலையடிவாரச் சரகத்தில் புதுப் பொறுப்பு. மீசையும் அப்போதுதான் முளைத்திருந்தது, அதிகாரமும் அப்போதுதான். வருஷா வருஷம் அந்தச் சரிவில் கிடை போடும் ஒரு குடும்பத்தை அந்த வருஷம் உள்ளே விடவில்லை. மாடு மேய்ந்தால் மரக்கன்றுகள் எழும்பாது, காட்டுமாட்டுக்குத் தீனி இருக்காது என்று படித்திருந்தேன். அந்தப் பெரியவர் சண்டை போடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ‘சாமி, இந்தப் புல்லை நாங்க திங்காட்டி தீ திங்கும்’ என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வருஷம் நல்ல மழை. புல் இடுப்பளவு நின்றது. எனக்கு ஒரே பெருமை, மேலதிகாரியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அதற்கடுத்த சித்திரையில் இரண்டு ராத்திரி, ஒரு பகல் எரிந்தது. பச்சைக் கிளையை ஒடித்து அடித்து அடித்துக் கை கொப்பளித்துப்போனது. பெரியவர் சொன்னது பலித்துவிட்டது என்று நீ நினைப்பாய். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு வேறொரு சரகத்துக்கு மாற்றினார்கள். அங்கே நேர்மாறு. கட்டுப்பாடே இல்லாமல் ஆடும் மாடும் ஏறி, சரிவு முழுக்கச் சொட்டை. மிச்சம் நின்றது உண்ணிச்செடியும், முற்றினால் மாடு மோந்துகூடப் பார்க்காத வாசனைப் புல்லும்தான். ஒரு மழைக்கு மண் அப்படியே ஓடைக்கு வந்தது. அங்கே கிடைக்காரர்களுக்குப் பரிந்து பேச எனக்கு வாய் வரவில்லை.

அப்படியானால் எது சரி? ஓய்வு பெற்றபின் யோசித்துப் பார்க்கிறேன், இரண்டு இடத்திலும் என்னிடம் ஒரு கணக்கும் இல்லை. அந்தச் சரிவில் எத்தனை கிலோ புல் விளைந்தது, எத்தனை உருப்படியை எத்தனை நாள் தாங்கும், காட்டுமாட்டுக்கு எவ்வளவு விட வேண்டும் என்று ஒரு பிடி புல்லைக்கூட அறுத்து நான் நிறுத்துப் பார்த்ததில்லை. பெரியவருக்குக் கண் இருந்தது, எனக்குப் பேனா இருந்தது, தராசு யாரிடமும் இல்லை. நீ படிக்க ஆசைப்படுவது அந்தத் தராசைத்தான்.

இது பழங்கதை இல்லை. உங்கள் பக்கத்திலேயே நடந்தது. திருவில்லிபுத்தூர் சாம்பல் அணில் சரணாலயத்தையும் மேகமலையையும் சேர்த்து 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள், தமிழ்நாட்டில் அது ஐந்தாவது. 2022 மார்ச்சில் மேகமலை தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலம் முழுவதும் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் அந்த உத்தரவைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று குறைத்தது. இன்னொரு பக்கம், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இடம்பெயர்ந்து மேய்ப்பவர்களின் மேய்ச்சல் உரிமையையும் சமூக உரிமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. சீயானின் நூறு மாடு நாற்பது ஆனதற்கு இதுவும் ஒரு காரணமா என்று அவரையே கேட்டுப் பார்.

வனத்துறை பக்கத்து நியாயத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நாட்டு மாட்டிலிருந்து காட்டுமாட்டுக்குக் கோமாரி தாவும், அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) தாவும். 1968இல் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) வந்து முதுமலை, பந்திப்பூர் பக்கம் காட்டுமாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அந்த நோயை உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டதாக அறிவித்தது 2011இல்தான். மாட்டைப் பார்த்தால் காட்டிலாகாக்காரனுக்கு வயிறு கலங்குவது வீம்பினால் மட்டும் இல்லை.

சரி, எதைப் படிப்பது?

மாமா சொல்வதை முதலில் எடுத்துக்கொள்வோம். கால்நடை மருத்துவம் நல்ல படிப்பு, பயிற்சிக் காலம் சேர்த்து ஐந்தரை வருஷம். ஆனால் உன் கடிதம் முழுக்கத் தேடினேன், மாட்டுக்கு நோய் வந்தது, ஊசி போட்டது, கன்று இழுத்தது என்று ஒரு வரி இல்லை. எல்லாம் புல், மலை, காட்டு விலங்கு. ஈனமுடியாத மாட்டுக்குத் தோள்வரை கைவிட்டுக் கன்றைத் திருப்புவது உனக்குச் சந்தோஷம் தரும் என்றால் போ. இல்லாவிட்டால் அந்த இடத்தை, அதற்கென்றே துடிக்கிற இன்னொரு பிள்ளைக்கு விடு. மாமா கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்.

அப்பா சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. ஒத்தக்கடையில் யானைமலைக்குப் பக்கத்தில் இருக்கிறதே வேளாண்மைக் கல்லூரி, அது 1965இல் தொடங்கியது, இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. நான்கு வருஷப் படிப்பு. மண், பயிர், பூச்சி, நோய், பொருளாதாரம், விரிவாக்கம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மேய விடுவார்கள். கடைசி வருஷம் ஒரு கிராமத்தில் தங்கிப் பயிற்சி. தெருவில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போட்டு, இங்கே கண்மாய், இங்கே மந்தை, இங்கே மேய்ச்சல் புறம்போக்கு என்று ஊராரை வைத்தே காட்டச் சொல்வார்கள். பார்த்திருப்பாய். மற்ற பிள்ளைகள் அந்த வரைபடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நீ புறம்போக்கு என்று காட்டிய இடத்துக்கு நடந்து போய், அங்கே இன்னும் புல் இருக்கிறதா, சீமைக்கருவேலம் மூடிவிட்டதா, யாராவது வேலி போட்டுவிட்டார்களா என்று பார்த்துவிட்டு வருவாய் என்று நினைக்கிறேன்.

ஒன்று சொல்லிவைக்கிறேன். நான் படித்த காலத்தில் களைச்செடி தொகுப்பு என்று ஒரு வேலை தருவார்கள். செடியைப் பிடுங்கிக் காயவைத்து அட்டையில் ஒட்டிப் பெயர் எழுத வேண்டும். விடுமுறைக்கு வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் அப்பத்தா ஒவ்வொரு அட்டையாகப் பார்த்து, ‘இது வெள்ளாட்டுக்கு நல்லது, இது பால் மாட்டுக்கு, இதைத் தின்னா வயிறு ஊதும்’ என்று சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில், ‘இதையெல்லாம் எதுக்குடா பாடம் பண்ணி வெச்சிருக்க, செத்துப்போச்சா?’ என்றாள். களை என்ற சொல் அவளிடம் இல்லாமல் இல்லை. நெல் வயலுக்குள் நின்றால்தான் அவளுக்கு அது களை. வரப்பில் நின்றால் தீனி. நீ வகுப்பில் உட்காரும்போது சீயானையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்.

உன் ஆசைக்குக் கிட்டத்தில் இருப்பது மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் வனவியல் பட்டம். அதுவும் அதே பல்கலைக்கழகம்தான். ஒரே விண்ணப்பத்தில் வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல் எல்லாவற்றையும் விருப்ப வரிசையில் போடலாம். கால்நடை மருத்துவத்துக்குத்தான் தனி விண்ணப்பம். வனவியலில் மரம், காட்டு அளவியல், வன உயிர் எல்லாம் பாடமாகவே வரும். என் மகளாக இருந்தால் வனவியலை முதல் விருப்பமாகவும் மதுரை வேளாண்மையை இரண்டாவதாகவும் போடச் சொல்வேன். ஆனால் உங்கள் வீட்டு நிலைமையும் ஒரு கணக்கு. ஒத்தக்கடை என்றால் ஆரப்பாளையத்தில் இறங்கி மாட்டுத்தாவணி போய் மேலூர் பஸ் பிடித்தால் ஆயிற்று. சனி, ஞாயிறு கிடைக்குப் போய்விடலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து சீயானை வாரா வாரம் பார்க்க முடியாது. அவருக்கு என்ன வயது என்று நீ எழுதவில்லை. எழுபத்தைந்துக்கு மேல் என்றால் நான் வரிசையை மாற்றி, ஒத்தக்கடையை முதலில் போடச் சொல்வேன். மேல்படிப்பில் காட்டுக்கு வந்துகொள்ளலாம், ஆனால் அவர் வாயிலிருந்து கேட்க வேண்டியதை அப்புறம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கேட்க முடியாது.

விலங்கியல் வழியாகவும் போகலாம். ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் வன உயிரியல் துறைகள் உண்டு. நல்ல ஆராய்ச்சியாளர்கள் அங்கிருந்து வந்திருக்கிறார்கள். ஆனால் மண்ணும் புல்லும் பண்ணையும் தெரியாமல் மானை மட்டும் தெரிந்துகொண்டால் உன் கேள்விக்குப் பாதி பதில்தான் கிடைக்கும். மான் எதைத் தின்கிறது என்பதில்தான் உங்கள் சீயானுக்கும் மானுக்கும் வழக்கே.

பட்டம் வாங்கியபின் கதவுகள் அகலமாகத் திறக்கும். டேராடூனில் இந்திய வன உயிரின நிறுவனம் இருக்கிறது, 1982இல் தொடங்கியது. அங்கேயும் பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் வன உயிரியலில் முதுநிலைப் படிப்பு உண்டு, வேளாண்மை, வனவியல் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். புல்லையே படிக்க வேண்டும் என்றால் உழவியலில் முதுநிலை சேர்ந்து தீவனப் பயிரில் ஆய்வை வைத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூரில் தீவனப் பயிர்த் துறை இருக்கிறது. ஜான்சியில் 1962 முதல் இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நம் நாட்டில் ‘புல்’ என்று பெயர்ப்பலகை மாட்டிய பெரிய இடம் அது.

வேலையைப் பற்றி அதிகம் இழுக்கவில்லை. வேளாண்மைப் பட்டத்துக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாக வேளாண்மை அலுவலர், வங்கிகளில் வேளாண் அலுவலர், நபார்டு. வனத்துறைக்கு ரேஞ்சர் தேர்வு. எந்தப் பட்டத்துக்கு முன்னுரிமை என்பதை அந்தந்த வருஷத்து அறிவிக்கையில் வரி வரியாகப் படித்துக்கொள், டீக்கடை ஆலோசனையை நம்பாதே. எல்லாவற்றுக்கும் மேலே மத்தியத் தேர்வாணையத்தின் இந்திய வனப்பணி. வேளாண்மைப் பட்டமோ வனவியல் பட்டமோ இருந்தால் எழுதலாம். அதில் நமக்கென்றே வைத்தது மாதிரி ஒரு வேடிக்கை உண்டு. முதன்மைத் தேர்வில் இரண்டு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். வேளாண்மை எடுத்தால் கூடவே வனவியல் எடுக்கக் கூடாது. வேளாண்மையோடு கால்நடை மருத்துவமும் எடுக்கக் கூடாது. நீ எந்த மூன்றைச் சேர்த்துப் படிக்க ஆசைப்படுகிறாயோ, அதைச் சேர்க்காதே என்று விதியே போட்டிருக்கிறார்கள். பாடங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதால் மதிப்பெண்ணில் சலுகை ஆகிவிடும் என்பதற்காக வைத்த விதியாக இருக்க வேண்டும். பாடம் ஒத்துப்போகிறது என்று தேர்வாணையத்துக்கே தெரிந்திருக்கிறது, அலுவலகங்களுக்குத்தான் தெரியவில்லை.

அந்தத் தேர்வில் தேறினால் பெண்கள் நான்கு மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும். கிடைக்குப் பின்னால் நடந்து பழகிய உனக்கு அது ஒரு விஷயமா? உன் அம்மா ‘பொம்பளப் புள்ள காட்டுக்குள்ளயா’ என்று கேட்டிருப்பார், நீ கடிதத்தில் எழுதாமல் விட்டாலும் எனக்குத் தெரியும். அந்தப் பணியில் பெண்கள் 1980லேயே சேர்ந்துவிட்டார்கள் என்று சொல். என் சரகத்தில் வனக்காப்பாளராக இருந்த ஒரு பெண், கொம்பன் யானை நின்ற ஒற்றையடிப் பாதையில் என்னைப் பிடித்து இழுத்து மரத்துக்குப் பின்னால் நிறுத்தியிருக்காவிட்டால் இந்தப் பதிலை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கட்டணத்துக்குப் பயப்படாதே. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேளாண்மைக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. படிப்புச் சான்றுகளை இப்போதே பள்ளியில் வாங்கிவை. ஜூன் மாதம் ஹெட்மாஸ்டர் அறை வாசலில் கூட்டம் நிற்கும்.

அமெரிக்கப் படிப்பை இளநிலைக்கு நினைக்க வேண்டாம். நிலத்தை அடகு வைத்துப் போய், வேலி போட்ட பண்ணையில் ஆயிரம் ஏக்கருக்கு ஒரே முதலாளி இருக்கிற ஊரின் கணக்கைப் படித்துவிட்டு வருவாய். இங்கே வேலி இல்லை. ஒரே சரிவுக்கு ஊர், வனத்துறை, கோயில், பக்கத்து ஊர் என்று நாலு பேர் பாத்தியம் பேசுவார்கள். ஆராய்ச்சிக்கு உதவித்தொகையோடு அழைத்தால் அப்போது போ. அவர்களுடைய அளக்கும் முறைகள் அருமையானவை, அதில் சந்தேகமில்லை.

சிரிப்பவர்களுக்கு என்ன சொல்வது என்கிறாய். 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்திருக்கிறது என்று சொல்லிப் பார். அதற்கும் சிரித்தால், நம் கிடை மாடான புலிக்குளம் மாட்டைத் தேசிய அளவில் தனி இனமாக 2012இல் பதிவு செய்த கதையைச் சொல். ஜல்லிக்கட்டு வாடிவாசலில் நிற்கும் காளையைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்கள், அதன் தாய் எந்தப் புல்லைத் தின்று பால் கொடுத்தது என்று கேட்பதில்லை. எங்கள் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியையும் சொல்லலாம். 2022 நவம்பரில் அதைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள், மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேர். அப்புறம் அந்தப் பக்கத்தில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் விட்டு, ஊர் ஊராகச் சனம் மதுரைக்கு நடந்து, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்தச் சண்டையில் கைகொடுத்தது கோஷம் மட்டுமில்லை. எத்தனை சுனை, எத்தனை பறவை, எந்தப் பாறையில் வல்லூறு இருக்கிறது என்று முன்னமே சிலர் எண்ணி எழுதிவைத்திருந்தார்கள். உங்கள் ஊர்ப் புல்லை யார் எழுதிவைத்திருக்கிறார்கள்?

கல்லூரி திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பரீட்சை முடிந்ததும் இதைச் செய். பட்டறையில் மெல்லிய கம்பியில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம் அடித்து வாங்கு. மேய்ச்சல் புறம்போக்கில் கண்ணை மூடிக்கொண்டு எறி. பச்சென்று இருக்கிற இடமாகப் பார்த்து வைத்தால் கணக்குப் பொய்த்துவிடும். சட்டத்துக்குள் இருக்கும் புல்லைத் தரையை ஒட்டி அறுத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, நிழலில் உலர்த்து. கல்லூரியில் இதற்கு அடுப்பு உண்டு, வீட்டில் ஓட்டுத் தாழ்வாரம் போதும். ஒடித்தால் முறியும் பதம் வந்ததும் மளிகைக் கடைத் தராசில் எடை போடு. பத்து இடத்திலாவது செய்து சராசரி எடு.

சராசரி 150 கிராம் வந்தது என்று வை. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர், அப்படியானால் 607 கிலோ காய்ந்த புல். எல்லாவற்றையும் மாட்டுக்குக் கொடுத்துவிடக் கூடாது, வேருக்கும் மண்ணுக்கும் முயலுக்கும் என்று பாதியை விட்டுவிடு. மிச்சம் 300 கிலோ. 250 கிலோ எடையுள்ள பசு ஒரு நாளைக்குத் தன் எடையில் நூற்றுக்கு இரண்டரை பங்கு காய்ந்த தீனி தின்னும், ஆறேகால் கிலோ. அந்த ஏக்கர் ஒரு பசுவை 48 நாள் தாங்கும். சீயானுடைய நாற்பது உருப்படியை விட்டால் ஒரு நாளும் கொஞ்சமும். நூறு இருந்த காலத்தில் என்றால் அரை நாள்தான்.

இந்தக் கணக்கை அவரிடம் சொல்லாமல், அதே இடத்தைக் காட்டி, ‘இங்க நம்ம மாடு எத்தன நாள் நிக்கும்?’ என்று மட்டும் கேள். அவர் சொல்வதை ஒரு பத்தியிலும் உன் கணக்கை அடுத்த பத்தியிலும் எழுது. இரண்டும் ஒத்துப்போனால் அவர் எதைப் பார்த்துச் சொன்னார் என்று கேள். ஒத்துப்போகாவிட்டால் இன்னும் நல்லது, யார் எங்கே தவறினார்கள் என்று இருவரும் உட்கார்ந்து பேசலாம். அவர் மழையைக் கணக்கில் சேர்த்திருப்பார், நீ சேர்த்திருக்க மாட்டாய் என்பது என் ஊகம்.

இன்னொரு காரியம். புல்லில் ஒரு சின்ன வட்டத்தை மாடு நுழையாதபடி அடைத்துவை. கோழி மூடும் பஞ்சாரத்தைக் கவிழ்க்காதே, நிழல் கட்டும். சீமைக்கருவேல முள்ளை வெட்டிச் சுற்றிலும் போடு, அதற்காவது அது உதவட்டும். மழை பெய்து ஒரு மாதம் கழித்து உள்ளேயும் வெளியேயும் அறுத்து நிறுத்துப் பார். கொழுக்கட்டைப் புல், அருகு, ஊசிப்புல் எது எங்கே கூடியிருக்கிறது என்று தனித்தனியாகப் பிரி. ஊசிப்புல்லை முற்றவிட்டுப் பிரிக்காதே, பாவாடையெல்லாம் தைத்துக்கொள்ளும்.

நோட்டைப் படம் பிடித்து அனுப்பு. எடையில் எங்கேயாவது இடித்தால் நான் பார்த்துச் சொல்கிறேன். சீயானின் வயதையும் எழுது.